பாழ் என்னும் எண்

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடி கோட்டை வருகிறது. கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமாக மோதியது இந்த வட்டாரத்தில்தான். அகழி இருக்கிறது, மதில் இருக்கிறது, கொத்தளம் இருக்கிறது. உள்ளே குடிகள் இல்லை. எல்லை நிற்க, உள்ளிருந்தது போய்விட்ட இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழில் ‘பாழ்’ என்று பெயர்.

மிகப் பழைய சொல் இது. தொல்காப்பியம் இதன் புணர்ச்சிக்கென்றே ஒரு நூற்பா ஒதுக்குகிறது. வல்லெழுத்து வரும்போது பாழ்க்கிணறு என்றும் சொல்லலாம், பாழ்ங்கிணறு என்றும் சொல்லலாம். நம் பேச்சிலுள்ள ‘பாழுங்கிணறு’ இரண்டாவதற்கு நெருக்கமானது. வள்ளுவர் விருந்தோம்பலில் பாழ்படுதலைப் பேசுகிறார். நம்மாழ்வார் பெரும்பாழ் என்கிறார், திருமூலர் முப்பாழ் என்கிறார். கெட்டுப்போனதைக் குறித்த சொல், படைப்புக்கு முந்திய வெளியையும் குறிக்கும் அளவுக்கு விரிந்திருக்கிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது பரிபாடல். திருமாலைப் பாடும் அதன் மூன்றாம் பாடலில் எண்ணுப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. முதலில் பாழ், பிறகு கால், பிறகு அரையைக் குறிக்கும் பாகு, அதன் பிறகே ஒன்று. தத்துவப் பொருள் என்னவாயினும், காலுக்கும் அரைக்கும் முன்னால் வைக்கப்பட்ட பாழ் ஓர் எண்ணாகத்தான் நிற்கிறது என்பது என் துணிபு. இத்தனைக்கும் பழந்தமிழ் எழுத்துமுறையில் சுழிக்கு வேலையே இல்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. ஒருங்குறியில் தமிழ்ச் சுழிக்கு இடம் கிடைத்ததே 2005இல்தான். எழுத்தில் இல்லாத எண்ணுக்குப் பாட்டில் பெயர் இருந்திருக்கிறது.

வடமொழிச் சூனியம் வேறு வழியில் போயிற்று. அதை அரபியர் ‘சிஃப்ர்’ என்று மொழிபெயர்த்தார்கள். அது ஐரோப்பா சென்று, ‘சைபர்’ ஆகி நம்மிடம் திரும்பியது. சூனியம் என்ற சொல்லோ இங்கே செய்வினைக்குப் பெயராகிவிட்டது.

இன்மையைச் சொல்லும் இன்னொரு சொல்லான ஆங்கிலத்தின் ‘நல்’ (null), லத்தீன் ‘நுல்லுஸ்’ வழி வந்தது. ஒன்றுகூட இல்லை என்பது பொருள். ஜெர்மானியர் சுழியையே ‘நுல்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் பல வேலை பார்க்கிறது. சட்டத்தில் அது செல்லாதது. கணிதத்தில் வெற்றுக்கணம். 1935இல் ரொனால்டு ஃபிஷர் புள்ளியியலுக்குத் தந்த கருதுகோளில் அது ‘வேறுபாடு ஏதும் இல்லை’ என்னும் தொடக்க நிலை. 1965இல் டோனி ஹோர் நிரல்மொழியில் புகுத்தியபோது எதையும் சுட்டாத சுட்டி. இவை எல்லாவற்றுக்கும் சுழி என்றே எழுதிவிட்டுப் போகும் கலைச்சொல் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தரவுத்தளத்தில் இது வெறும் சொற்சிக்கல் அல்ல. அங்கே ஒவ்வொரு கட்டத்தையும் ‘புலம்’ என்கிறோம். கிராம நிர்வாக அலுவலர் பசலி ஆண்டுதோறும் எழுதும் பயிர்க்கணக்கான அடங்கலிலும் புல எண்தான். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் புலம் ஒன்றுக்கு நேரே ‘தரிசு’ என்று எழுதியிருந்தால், பார்த்தாயிற்று, பயிர் இல்லை. அது சுழி, அதுதான் பாழ். கட்டம் எழுதப்படாமலே கிடந்தால், நிலத்தில் மக்காச்சோளம் நிற்கிறதா, பருத்தி நிற்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று அந்த ஏட்டை வைத்துச் சொல்ல முடியாது. தரவுத்தளத்தின் ‘நல்’ இந்த இரண்டாவது வகை. அதனால்தான் அங்கே ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமா என்று கேட்டால் ‘ஆம்’ என்ற விடை வராது. தெரியாத இரண்டைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

தரவுத்தளத்தின் இந்த நல்லுக்கு ‘எழுதாப்புலம்’ என்ற பெயர் பொருந்தும் என்று நினைக்கிறேன். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கேட்கிறார்கள். எழுதாப்புலத்தைத் தரிசு என்று கணினி படித்துக்கொண்டால், மழை பொய்த்த ஆண்டில் விதைத்து இழந்தவர் விதைக்கவே இல்லை என்றாகிவிடும்.