காவிரிக் கரைக் கொடிக்கால்

வெற்றிலை மிளகின் நெருங்கிய உறவு. இரண்டும் பைப்பர் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1753-இல் லின்னேயஸ் இரண்டுக்கும் பெயரிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தப் பேரினத்தில் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வளர்பவை பலவும் புதர்ச்செடிகள். வௌவால்கள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிடும். அவற்றுக்கு ஆள் தேவையில்லை. பைப்பர் அடுங்கம் என்ற புதர் பசிபிக் தீவுகளுக்குப் போய் அங்கே களையாகவே பரவிவிட்டது. தென்கிழக்காசியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் வெற்றிலையோ காவிரிக் கரையில் மனிதர் நட்டால்தான் உண்டு.

அதற்குக் காரணம் செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. வெற்றிலையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. இதழே இல்லாத நுண்ணிய பூக்கள் இலைக்கு எதிரே தொங்கும் கதிரில் நெருக்கமாக அமைகின்றன. சாகுபடியில் காய்ப்பது அரிது. ஆகவே தண்டை வெட்டி நடுவதே ஒரே வழி. தண்டின் கணுக்கள் பருத்திருக்கும். அங்கிருந்து கிளம்பும் வேர்கள் கொடி பற்றி ஏறும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏறுதண்டின் இலை இருபுறமும் ஒத்த இதய வடிவில் இருக்க, பக்கக்கிளையின் இலை சற்றுக் கோணலாக அமையும். வேர் மேலோட்டமானது. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கினால் அழுகிவிடும். கடும் வெயிலும் ஆகாது, காற்றும் ஆகாது.

இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றித் தருவதுதான் கொடிக்கால். பெயருக்குத் தோட்டம் என்றாலும், வயல் நடுவே செயற்கையாக எழுப்பிய ஒரு நிழற்காடு அது. முதலில் பாத்திகளில் அகத்தியை விதைப்பார்கள். ஒன்றரை மாதத்தில் அது உயர்ந்ததும் அடியில் வெற்றிலைத் துண்டுகளை நடுவார்கள். பாத்திகளுக்கு இடையே ஓடும் வாய்க்கால் நீர்ப்பாய்ச்சவும் வடிக்கவும் பயன்படும். கொடி ஏற ஏற வாழைநாரால் அகத்தியோடு கட்டிக்கொண்டே போக வேண்டும். இதில் பதினைந்து நாள் கவனம் தவறினால் கொடி சரிந்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டால் இலை கிள்ள முடியாது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை கொடியை இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் பதித்து, நுனியை மட்டும் மறுபடி ஏற்றுவார்கள். பதிந்த கணுக்கள் புதிதாக வேர்விட, கிழட்டுக் கொடி இளமைக்குத் திரும்புகிறது. விதையில்லாத செடியை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க உழவர் கண்ட மிக நுட்பமான உபாயம் இது. கிள்ளிய இலையை நூறு நூறாகக் கவுளி கட்டி, ஈரத்துணியிலோ வாழைமட்டையிலோ பொதிந்து சந்தைக்கு அனுப்புவது வழக்கம். வேலை வீட்டோடு ஒட்டியது என்பதால் தொழிலே குலப்பெயரும் ஆனது: கொடிக்கால் வேளாளர், இலைவாணியர்.

திருச்சிராப்பள்ளியின் தெற்கே எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் பாயும் கோரையாறு மழைக்கால ஆறு. எப்போதும் ஈரம் கேட்கும் வெற்றிலையை அதை நம்பி நட முடியாது. நகருக்கு மேற்கே நிலைமை வேறு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. அந்த வட்டாரத்துப் பெருகமணி, சிறுகமணியும், மேலே குளித்தலை, லாலாப்பேட்டையும், வடகரையில் முசிறி, தொட்டியமும் வாய்க்கால் நீராலேயே கொடிக்கால் நாடாயின. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும் 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் காவிரி நீரை மேலும் ஒழுங்குபடுத்தின.

அன்று இலை வாங்குவோருக்குக் குறைவிருந்ததில்லை. மதுரையில் உணவு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலை பாக்கு கொடுப்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் அரிசி, நெய், பருப்போடு வெற்றிலையையும் பாக்கையும் நிவேதனப் பட்டியலில் சேர்க்கின்றன. இலையமுது, அடைக்காயமுது என்பவை கல்வெட்டு வழக்கு. திருமண நிச்சயத்துக்கே தாம்பூலம் என்று பெயர் வந்துவிட்டது.

இந்த வட்டாரத்தின் அறிவியல் பதிவு பின்னால் வந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இரபினாத் உலர்தாவரகத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரங்கள் பற்றிய தம் தொகுதிகளை 1981 முதல் வெளியிட்டார். சாகுபடி ஆய்வைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுகமணி நிலையம் மேற்கொண்டது. கற்பூரி, பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி என்ற பழைய வகைகளோடு எஸ்.ஜி.எம். 1 போன்றவை சேர்ந்தன. பைட்டாப்தோரா பூஞ்சணத்தால் வரும் வாடல் நோய்க்கு வடிகாலும் போர்டோ கலவையும்தான் இன்றும் முதல் மருந்து.

பரப்பு இப்போது குறைந்துவருகிறது. கட்டவும் இறக்கவும் தேர்ந்த ஆள் கிடைப்பதில்லை. மாற்றாக நடப்படும் வாழையோ அவ்வளவு கைவேலை கேட்பதில்லை. மெல்லும் பழக்கமும் தேய்ந்துவிட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் பாக்கைப் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தியது. இலை அந்தப் பட்டியலில் தனியாக இல்லாவிட்டாலும் பாக்கோடு சேர்ந்து அவப்பெயர் வாங்கிக்கொண்டது. ஆயினும் ஆத்தூர், சோழவந்தான் வெற்றிலைகளுக்கு 2023-இலும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.