இருபத்தைந்தைப் பார்க்கும் எண்பத்தைந்து: 'என் சரித்திரம்' காட்டும் பணிவு

முன்னுரை

தன்வரலாறு எழுதுவோரில் சிலர் தம் இளமைக்கு மெருகேற்றுவர். சிலர் அதைப் பேதைமை என்று தள்ளிவிடுவர். உ.வே. சாமிநாதையர் (1855–1942) இரண்டையும் செய்யவில்லை. ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய 'என் சரித்திரம்' தொடரில் அவர் விவரிக்கும் ஒரு சந்திப்பு இதற்குச் சான்று.

1. சந்திப்பு

1880 அக்டோபர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான ஐயர், 25 வயதில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்தீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய காப்பியங்களைப் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை.

2. எடுத்துரைக்கும் முறை

இதை எழுதும்போது அம்மூன்றையும் பதிப்பித்து (1887, 1892, 1898) நெடுங்காலம் ஆகிவிட்டது. அன்றைய அறியாமையை ஒரு வரியில் கடந்திருக்கலாம். ஐயரோ, தாம் அடுக்கிய பட்டியலையும், அது போதவில்லையே என்று அன்று மனம் சலித்ததையும் மறைக்கவில்லை.

3. பணிவின் கூறுகள்

3.1 பழி சுமத்தாமை: அந்நூல்களை ஆசிரியரிடம் பாடம் கேட்கவில்லை என்பதைச் சொல்கிறார்; அதற்காக ஆசிரியரைக் குறைத்துப் பேசவில்லை.

3.2 துணிவை மதித்தல்: புத்தகம் கிடைத்தால் படித்துவிடுவேன் என்று அன்று பெருமிதத்தோடு சொன்னதையும் பதிகிறார். அந்தப் பேச்சே முதலியாரை இளக்கியது. சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி கைக்கு வந்தது.

3.3 துணிவின் எல்லை: பிரதியைப் பிரித்தால் சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. கல்லூரி ஆசிரியரான ஐயர், உள்ளூர்ச் சமணர்களின் வீடு தேடிச் சென்று ஐயம் கேட்டார். அவர்களுக்குச் சிந்தாமணி போற்றிப் படிக்கும் நூல், அவருக்கோ புதிது.

முடிவுரை

அந்தாதியிலும் கோவையிலும் பழகிய பயிற்சியே, காணாத காப்பியத்தைப் படிக்கலாம் என்ற தைரியத்தை அந்த இளைஞருக்குத் தந்தது. அவருடைய பெருமிதமும் துணிவும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றை வெட்டினால் மற்றதும் பட்டுப்போகும் என்பது முதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அவர் அந்த இளைஞருக்காக வெட்கப்படவுமில்லை, வாதாடவுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி, முதலியாரின் கேள்வியையே உயர்த்தி வைக்கிறார். தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்ளாத இந்த நேர்மையே அவருடைய பணிவு.