ஆட்சி மொழிகளும் அடுக்களை மொழியும்: மால்டியர் அன்றாட வாழ்வில் தாய்மொழியின் நிலைபேறு

ஆய்வுச் சுருக்கம்

மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்த மால்டாத் தீவுகள் பல நூற்றாண்டுகள் பிறர் ஆட்சியின்கீழ் இருந்தன. இலத்தீன், இத்தாலியம், ஆங்கிலம் ஆகியவை அங்கு அடுத்தடுத்து ஆட்சி, கல்வி, நீதி ஆகிய துறைகளின் மொழிகளாக விளங்கின. மக்களின் பேச்சுமொழியான மால்டிய மொழி 1934இல்தான் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. அதுவரை அம்மொழியைக் காத்தவை வீடு, ஊர்த் திருச்சபை, விழா, பாட்டு ஆகிய அன்றாட வாழ்வின் களங்களே என்பதை இக்கட்டுரை சொல்வழக்கு, சமூக வழக்கம், அரசியல் வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மால்டா, மால்டிய மொழி, செமித்திய மொழிகள், சமூக வழக்கங்கள், மொழிச் சிக்கல், குடியேற்ற ஆட்சி.

முன்னுரை

சிசிலித் தீவுக்குத் தெற்கே அமைந்துள்ள மால்டா நாடு 316 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 5.19 இலட்சம் பேர். 870இல் அராபியரும், 1091இல் நார்மானியரும், 1530இல் புனித யோவான் சபை வீரர்களும், 1798இல் நெப்போலியனின் படையும், 1800இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைப்பற்றினர் அல்லது பெற்றனர். 1964இல் நாடு விடுதலை அடைந்தது. ஆட்சிகள் இவ்வாறு மாறியபோதும் மக்கள் பேசிய மொழி மாறவில்லை. அராபியர் காலத்தில் வேரூன்றிய செமித்திய மொழியின் வழித்தோன்றலையே கத்தோலிக்கரான மால்டியர் இன்றும் பேசுகின்றனர். அரசின் ஆதரவோ பள்ளியின் துணையோ இல்லாத ஒரு பேச்சுமொழி எவ்வாறு நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

சொற்களில் படிந்த வாழ்வு

ஜோசப் அக்விலினா தொகுத்த அகராதியின் ஏறத்தாழ 41,000 சொற்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சிசிலிய, இத்தாலிய மூலமுடையவை என்றும், மூன்றில் ஒரு பங்கு அரபு மூலமுடையவை என்றும், 6 விழுக்காட்டளவு ஆங்கிலம் வழி வந்தவை என்றும் காட்டியுள்ளனர். எனினும் அகராதியின் எண்ணிக்கை வழக்கின் அளவைக் காட்டுவதில்லை. நாள்தோறும் வாயில் வழங்கும் அடிப்படைச் சொற்களில் அரபு மூலமே மேலோங்கி நிற்கிறது. ரொட்டி ‘ஹொப்ஸ்’, நீர் ‘இல்மா’, உப்பு ‘மெல்ஹ்’, எண்ணெய் ‘ஸெய்த்’ எனப்படுகின்றன. கிழமைப் பெயர்கள் அரபு மூலமுடையவை. மாதப் பெயர்கள் இலத்தீன் வழி வந்தவை.

உறவுமுறைச் சொற்களும் இவ்வாறே இரு மூலங்களை உடையன. தாயைக் குறிக்கும் ‘ஓம்’ அரபு மூலமுடையது. தந்தையைக் குறிக்கும் ‘மிஸ்ஸீர்’ என்பதோ ‘என் தலைவர்’ என்னும் பொருளுடைய சிசிலிய மதிப்புரைச் சொல்லின் திரிபு. உணவு மேசையில் கத்தி ‘சிக்கீனா’ என்னும் அரபுச் சொல்லாலும், முள்கரண்டி ‘ஃபுர்கெட்டா’ என்னும் இத்தாலியச் சொல்லாலும் குறிக்கப்படுகின்றன. பழைய பொருளுக்குப் பழைய சொல்லும் பின்வந்த பொருளுக்கு வந்த வழியின் சொல்லும் அமைந்திருத்தல் இயல்பே.

இங்கு நோக்கத்தக்கது கடன்சொற்கள் பெற்ற மாற்றமாகும். ‘ஃபுர்கெட்டா’ என்பதன் பன்மை ‘ஃப்ரீகெட்’. அறையைக் குறிக்கும் ‘கம்ரா’ என்பதன் பன்மை ‘க்மாமார்’. ஈற்றில் விகுதி சேர்க்காமல் சொல்லின் உள்ளிருக்கும் உயிர்களை மாற்றிப் பன்மையாக்கும் இம்முறை அரபு இலக்கணத்திற்கு உரியது. சொல் வெளியிலிருந்து வந்தபோதும் அதை ஆளும் இலக்கணம் வீட்டினுடையதாகவே இருந்தது.

திருச்சபையும் பழஞ்சொற்களும்

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மால்டாவில் இசுலாமியச் சமூகம் மறைந்தது. ஆயினும் அச்சமூகம் வழங்கிய சொற்கள் மறையவில்லை. மால்டியக் கத்தோலிக்கர் இறைவனை ‘அல்லா’ என்றே அழைக்கின்றனர். அவர்தம் தவக்காலம் ‘ரந்தான்’ எனப்படுகிறது. இது ரமலான் என்னும் பெயரின் திரிபாகும். தொழுகைக்குக் கூடும் நாள் என்னும் பொருளுடைய வெள்ளிக்கிழமைப் பெயரும், மக்கள் கூடும் நாள் ஞாயிறாக மாறிய பின்னரும் அவ்வாறே வழங்குகிறது. சமயம் மாறியும் சொல் மாறாத இந்நிலை, மொழியின் உரிமை மக்கள் கையில் இருந்ததையே உணர்த்துகிறது.

திருச்சபையின் உயர்நிலை மொழிகள் இலத்தீனும் இத்தாலியமுமே. எனினும் எளிய மக்களுக்கு மறையுண்மைகளைக் கற்பிக்க அவர்தம் மொழியே தேவைப்பட்டது. 1752இல் மால்டிய மொழியில் மறைக்கல்வி நூல் அச்சானதற்கு இத்தேவையே காரணம் எனலாம்.

வழக்கங்களின் களம்

குழந்தையின் முதற் பிறந்த நாளில் ‘குச்சியா’ என்னும் சடங்கு நிகழ்கிறது. புத்தகம், செபமாலை, எழுதுகோல், முட்டை முதலிய பொருள்களை முன்னே பரப்பிக் குழந்தையைத் தவழவிடுவர். அது முதலில் எடுக்கும் பொருள் அதன் எதிர்காலத் தொழிலைக் காட்டும் என்பது நம்பிக்கை. 18ஆம் நூற்றாண்டில் அஜியுஸ் டி சொல்டானிஸ் இச்சடங்கைப் பதிவு செய்துள்ளார். மால்டிய மொழிக்கு 1750இல் இலக்கணம் எழுதியவரும் அவரே என்பது கருதத்தக்கது. மொழியைப் பதிவு செய்ய முனைந்தவர் வழக்கங்களையும் பதிவு செய்தார்.

‘ஆனா’ என்னும் நாட்டுப்பாடல் வகையில் கித்தார் இசைக்கேற்பப் பாடகர் இருவர் எதிரெதிரே நின்று அப்போதைக்கப்போது அடிகளைப் புனைந்து வாதிடுவர். இசையரங்குகளில் இத்தாலிய இசை நாடகம் நிகழ்ந்த காலத்தில் உழைக்கும் மக்களின் மதுக்கடைகளில் இப்பாடல் வளர்ந்தது. ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் சிலையைத் தோளில் சுமந்து, வாணவேடிக்கையும் வாத்தியக் குழுவும் சூழ நிகழ்த்தும் ‘ஃபெஸ்தா’ மற்றொரு களமாகும். ஓர் ஊரிலேயே இரு வாத்தியச் சங்கங்கள் போட்டியிடுதலும், அப்போட்டி ஊரையே இரு கட்சியாக்குதலும் மானிடவியலாளர் ஜெரமி பொய்செவைன் 1965இல் வெளியிட்ட ஆய்வால் அறியப்படுகின்றன. யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ‘ஆனா’ 2021இலும் ‘ஃபெஸ்தா’ 2023இலும் இடம்பெற்றன.

எழுத்து வடிவத்தின் தாமதம்

பேச்சில் வலிமை பெற்றிருந்த இம்மொழி எழுத்தில் மிகத் தாமதமாகவே தோன்றுகிறது. இன்று கிடைப்பனவற்றுள் பழமையானது, 1485இல் மறைந்த பியெத்ரு காஷாரு இயற்றிய 20 அடிப் பாடலாகும். அவர் உறவினரான பிரண்டானோ என்னும் ஆவணப் பதிவாளர் 16ஆம் நூற்றாண்டில் தம் பதிவேட்டில் அதைப் படியெடுத்து வைத்தார். 1966இல் கண்டெடுக்கப்பட்ட அப்பாடல் 1968இல் வெளியிடப்பட்டது. எழுத்தறிந்தோர் பிறமொழியில் எழுதியமையால் தாய்மொழியின் முதற்சான்று சட்ட ஆவணங்களுக்கிடையே ஒளிந்திருக்க நேர்ந்தது.

1796இல் அகராதி வெளியிட்ட மிக்கியல் அன்டன் வசல்லி, மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே கல்வி வேண்டும் என வாதிட்டார். நாடுகடத்தலுக்கு உள்ளான அவர் 1825இல் மால்டாப் பல்கலைக்கழகத்தின் முதல் மால்டிய மொழிப் பேராசிரியரானார்.

மொழிச் சிக்கல்

ஆங்கிலேயர் ஆட்சியிலும் நீதிமன்ற மொழியாக இத்தாலியமே நீடித்தது. அம்மொழி அறிந்தோர் சிறுபான்மையினரே. குற்றஞ்சாட்டப்பட்ட மீனவரோ உழவரோ தம்மைப் பற்றிய வழக்கையே விளங்கிக்கொள்ள இயலாத நிலை இருந்தது. 1880இல் பாட்ரிக் கீனன் அளித்த அறிக்கை பள்ளிகளில் ஆங்கிலத்திற்கும் மால்டியத்திற்கும் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அதன்பின் இத்தாலியத்தை ஆதரித்த படித்த வகுப்பினருக்கும் ஆங்கிலத்தை ஆதரித்தோருக்கும் இடையே அரை நூற்றாண்டு காலம் பூசல் நீடித்தது. 1921ஆம் ஆண்டு அரசமைப்பு ஆங்கிலம், இத்தாலியம் இரண்டையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது.

1920இல் தோன்றிய மால்டிய எழுத்தாளர் சங்கம் 1924இல் எழுத்திலக்கணத்தை வெளியிட்டது. 30 எழுத்துகளைக் கொண்ட இலத்தீன் வரிவடிவம் இதனால் நிலைபெற்றது. பாசிச இத்தாலியின் செல்வாக்கை அஞ்சிய ஆங்கில அரசு 1934இல் மால்டியத்தை ஆங்கிலத்துடன் ஆட்சிமொழியாக்கியது. அரசின் நோக்கம் இத்தாலியத்தை அகற்றுவதே. பயன் மால்டியத்திற்குக் கிட்டியது. எழுத்தும் இலக்கணமும் அதற்குள் ஆயத்தமாக இருந்தமையாலேயே அவ்வாய்ப்பு வீணாகவில்லை.

முடிவுரை

1964ஆம் ஆண்டு அரசமைப்பு மால்டியத்தை நாட்டின் தேசிய மொழியாக்கியது. 2004 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அவற்றுள் செமித்திய மொழி அது மட்டுமே. இவ்வேற்பு அம்மொழியை உருவாக்கவில்லை. ஏற்கெனவே வாழ்ந்த மொழிக்கு உரிமை வழங்கியது.

இன்று நிலை தலைகீழாகும் வாய்ப்பும் உண்டு. ஸ்லீமா போன்ற நகர்ப்பகுதிகளில் ஆங்கிலத்தையே முதன்மையாகப் பேசும் குடும்பங்கள் உள்ளன. உயர்கல்வியிலும் ஆங்கிலமே மேலோங்கியுள்ளது. முன்பு சட்டத்தில் இடமின்றி வீட்டில் வாழ்ந்த மொழி, சட்டத்தில் இடம்பெற்று வீட்டில் இடமிழக்கக் கூடாது. மொழிக் காப்பு பற்றிய ஆய்வுகள் சட்டங்களோடு அடுக்களை, தொட்டில், ஊர்விழா ஆகியவற்றின் மொழியையும் அளந்தறிய வேண்டும் என்பதை மால்டாவின் வரலாறு புலப்படுத்துகிறது.