பழைய துணியில் பை தைத்து விற்கும் தொழில்: மூலப்பொருள் முதல் ஜிஎஸ்டி வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய ஜீன்ஸ், ஒரு கத்தரிக்கோல், ஒரு தையல் மெஷின். 30 செகண்டில் அழகான டோட் பேக் ரெடி. கீழே கமெண்ட்டில் 'விலை எவ்வளவு?' என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். பார்க்கிற நமக்கும், 'மூலப்பொருள் குப்பை, முதலீடு ஒரு மெஷின். வேலையை விட்டுட்டு இதையே பண்ணலாம் போலயே' என்று தோன்றும்.

பண்ணலாம், பலர் பண்ணிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் துணியைத் தரம்பிரிக்கிற நேரம், துவைக்கிற தண்ணீர், தையல்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலி, மூன்று மாதமாகியும் வராத கார்ப்பரேட் பணம் எதுவும் அந்த வீடியோவில் வராது. இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் அதில்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மறுசுழற்சி துணி என்றால் எது?

இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. மூன்றுக்கும் செலவு வேறு, சிக்கலும் வேறு.

முதலாவது, தொழிற்சாலைக் கழிவு. ஆடை தயாரிக்கும்போது விழும் வெட்டுத்துண்டுகள், ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன துணி, ரோலின் கடைசி மீட்டர்கள் எல்லாம் இதில் அடங்கும். யாரும் உடுத்தாத, சுத்தமான துணி.

இரண்டாவது, உடுத்திய துணி. பழைய ஜீன்ஸ், புடவை, வேட்டி, பெட்ஷீட், திரைச்சீலை.

மூன்றாவது, மறுசுழற்சி நூலில் நெய்த துணி. கழிவுத் துணியைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கி நெய்வது. ஹரியானாவின் பானிபட் இதற்குப் பேர் போனது. கோவை, திருப்பூர் வட்டாரத்தின் ஓஇ மில்களும் பஞ்சாலைக் கழிவிலிருந்து நூல் தயாரிக்கின்றன. பெட் பாட்டிலை உருக்கி எடுக்கும் பாலியஸ்டர் நூலும் இந்த வகைதான்.

முதல் இரண்டில் துணியைத் துணியாகவே பயன்படுத்துகிறோம். இதை 'அப்சைக்கிளிங்' என்பார்கள். சிறு தொழிலாகச் செய்பவர்களில் பெரும்பாலானோர் இந்த வகைதான். மூன்றாவதில் நீங்கள் வாங்குவது ஒரு புதுத் துணி ரோல். வேலை சுலபம், விலை அதிகம்.

நம் ஊருக்கு இது புதுசு இல்லை. பழைய புடவை தூளியானது, வேட்டி கரித்துணியானது. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் காந்தா போர்வை செய்தார்கள். ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், சுனாமிக்குப் பிறகு மீனவக் கிராமப் பெண்களோடு சேர்ந்து தையல் கழிவுத் துணியில் 'சுனாமிகா' பொம்மைகளைச் செய்தது.

இப்போது ஏன் இவ்வளவு பேச்சு?

'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேர்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் உள்நாட்டு மக்கள் உடுத்திக் கழித்தது. ஆலைக் கழிவு 42%.

இன்னொரு காரணம் சட்டம். பிளாஸ்டிக் கைப்பை குறைந்தபட்சம் 75 மைக்ரான் இருக்க வேண்டும் என்ற விதி 2021 செப்டம்பர் 30-இல் வந்தது. 2022 டிசம்பர் 31 முதல் அது 120 மைக்ரான் ஆனது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை உண்டு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஜவுளிக்கடையில் கொடுக்கும் மெல்லிய, துணி மாதிரி இருக்கும் 'நான் வோவன்' பை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். உங்கள் பைக்கு விலையில் பெரிய போட்டி அதுதான். அந்த விலைக்கு இறங்கி நீங்கள் ஜெயிக்க முடியாது.

துணி எங்கே கிடைக்கும்?

திருப்பூரில் வெட்டுக்கழிவு ஏராளம். ஆனால் அங்கே முக்கியமாகப் பின்னலாடை. பனியன் துணி இழுத்தால் நீளும். பையில் கனம் வைத்தால் தொங்கிவிடும். பைக்கு நெய்த துணிதான் நல்லது. அதற்குக் கரூரின் வீட்டு ஜவுளித் தொழில் நல்ல இடம். திரைச்சீலை, மேஜை விரிப்புக்கான கனமான பருத்தித் துணி அங்கே மிஞ்சும். ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் கட்-பீஸ் வியாபாரிகள் உண்டு.

கழிவுத் துணி பெரும்பாலும் கிலோ கணக்கில் விற்கப்படும். மூட்டையைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். மேலே பெரிய துண்டு, உள்ளே முழுக்கத் துணுக்கு என்பது சகஜம். 10 கிலோ வாங்கி, பைக்கு ஆகும் துண்டு எத்தனை கிலோ தேறுகிறது என்று எடைபோட்டுப் பாருங்கள். 10-இல் 6 கிலோ தேறினால், கிலோ 60 ரூபாய்க்கு வாங்கிய துணியின் உண்மை விலை 100 ரூபாய்.

ரிஜெக்ட் துணியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிநாட்டு பிராண்டின் லோகோவோ, பிரபல கார்ட்டூன் உருவமோ அச்சிட்ட துணியில் பை தைத்து விற்றால் வர்த்தகமுத்திரை, காப்புரிமைச் சிக்கல் வரலாம். 'வேஸ்ட்ல வாங்கினேன்' என்பது பதிலாகாது.

உடுத்திய துணியில் என்ன கவனிக்க வேண்டும்?

துணியின் வலுதான் முதலில். ஜீன்ஸில் முட்டிப் பகுதியும் தொடை இடுக்கும் தேய்ந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு வெட்ட வேண்டும். பழைய பட்டுப்புடவை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் மடித்து வைத்த மடிப்பில் நூல் இற்றுப்போயிருக்கும். இரண்டு கையால் பிடித்து இழுத்தால் 'டர்' என்று கிழிந்தால் அது பைக்கு ஆகாது. லேசாகத் தளர்ந்திருந்தால் பின்பக்கம் ஃப்யூசிங் ஒட்டிப் பயன்படுத்தலாம்.

அடுத்தது சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், மழை நாளில் வாடிக்கையாளரின் சட்டையிலும் ஒட்டும்.

துவைத்து, வெயிலில் காயவைத்து, சூடாக அயர்ன் செய்த பிறகே வெட்டும் மேஜைக்கு வர வேண்டும். இந்த வேலைக்கும் நேரமும் காசும் ஆகும். கணக்கில் எழுதுங்கள்.

ஒரு பைக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

சுமார் 35 x 40 செ.மீ. அளவில், உள்துணியும் ஜிப்பும் வைத்த டோட் பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பது கணக்குப் போடும் முறையைக் காட்டும் உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- வெளித்துணி (தேறிய துணியின் விலை, துவைத்த செலவோடு): ரூ.25
- உள்துணி: ரூ.20
- ஜிப், ரன்னர், நூல், கைப்பிடி நாடா, லேபிள்: ரூ.30
- தையல், 40 நிமிடம் (மணிக்கு ரூ.90): ரூ.60
- தரம்பிரித்தல், வெட்டுதல், அயர்ன், 20 நிமிடம்: ரூ.30
- சேதாரம்: ரூ.10
- பேக்கிங்: ரூ.10
- வாடகை, மின்சாரம், மெஷின் தேய்மானம்: ரூ.25
- உங்கள் நேரம் (டிசைன், போட்டோ, வாடிக்கையாளரிடம் பேசுவது): ரூ.40

மொத்தம் ரூ.250. வெளித்துணியின் பங்கு இதில் பத்தில் ஒன்றுதான். தையல், வெட்டு, உங்கள் நேரம் மூன்றும் சேர்ந்தால் ரூ.130, பாதிக்கு மேல். 'குப்பையிலிருந்து காசு' என்பது பாதி உண்மை. துணி மலிவு, உழைப்பு மலிவல்ல.

பலர் சறுக்குவது கடைசி வரியில்தான். சம்பள வேலையில் இருந்துகொண்டு ராத்திரியில் தைக்கும்போது, சொந்த நேரத்துக்கு விலை போடத் தோன்றாது. ரூ.220-க்கு விற்று 'லாபம்' என்று நினைப்பார்கள். ஆர்டர் கூடி, ஆள் வைக்க வேண்டிய நாளில்தான் அந்த விலையில் கட்டுப்படியாகாது என்பது தெரியும். அப்போது வெட்டு விழுவது பெரும்பாலும் தையல்காரரின் கூலியில். ஒட்டுத்துணி தைப்பது புதுத்துணி தைப்பதைவிட மெதுவான வேலை. பீஸ் ரேட் பேசும் முன், ஒரு பை தைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கூலி அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும்.

எங்கே விற்பது?

கடையில் வைத்தால், கடைக்காரர் விற்பனை விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அது 40% என்று வைத்துக்கொண்டால், ரூ.450 பையில் உங்களுக்கு வருவது ரூ.270. செலவு போக மிஞ்சுவது வெறும் 20 ரூபாய். அதுவும் விற்ற பிறகுதான் காசு என்ற ஒப்பந்தமாக இருந்தால், உங்கள் முதல் அங்கே தூங்கும்.

கண்காட்சி ஸ்டாலில் அதே பை விற்றால் ரூ.200 நிற்கும். இரண்டு நாள் வாடகை ரூ.6,000 என்றால், முதல் 30 பை வாடகைக்கே போகும். 31-ஆவது பையில்தான் உங்கள் லாபம் ஆரம்பிக்கிறது.

ஆன்லைனில் கூரியரும் ரிட்டர்னும் உண்டு. ஒவ்வொரு பையும் வேறு நிறம் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டோ எடுத்தாக வேண்டும்.

கார்ப்பரேட் ஆர்டர்தான் பெரிய ஆசை. '500 பை, எல்லாம் ஒரே மாதிரி வேணும்' என்று கேட்பார்கள். கழிவுத் துணியில் அது நடக்காது. அளவு, உள்துணி, கைப்பிடி ஆகியவற்றை ஒரே மாதிரி வைத்து, வெளித்துணி மட்டும் மாறும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஐந்தாறு சாம்பிள் அனுப்பி, 'இந்த வகையில் இருக்கும்' என்று ஒப்புதல் பெறுவது நல்லது.

ஜிஎஸ்டி கட்டாயமா?

பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சம் வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் இந்த வரம்பு ரூ.20 லட்சம்.

ஆனால் சென்னையில் தைத்து பெங்களூரு வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவை. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் ரூ.20 லட்சம் வரை விலக்கு உண்டு. மெஷினில் தைத்த சாதாரண டோட் பேக் அந்த வரையறைக்குள் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெரிய இணைய விற்பனைத் தளங்களில் ஜிஎஸ்டி இல்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது. அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு எண் பெற வேண்டும்; சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம்.

வரி விகிதமும் துணியைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பருத்தி, சணல் கைப்பைகளுக்கு 5%. பாலியஸ்டர் போன்ற செயற்கைத் துணிப் பைகளுக்கு 18%. கலப்புத் துணியில் தைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் இழுத்தடித்தால் என்ன செய்வது?

இதற்குத்தான் உத்யம் பதிவு. இணையத்தில் ஆதார், பான் எண்ணோடு இலவசமாகச் செய்யலாம். 'நாங்க பண்ணித் தர்றோம்' என்று கட்டணம் கேட்கும் போலித் தளங்களிடம் ஜாக்கிரதை.

பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கிய நிறுவனம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 'சமாதான்' தளத்தில் புகார் செய்யலாம். குறித்த காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது.

ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பதில் தப்பே இல்லை.

கடன் எங்கே கிடைக்கும்?

- முத்ரா: 'சிஷு' பிரிவில் ரூ.50,000 வரை, 'கிஷோர்' பிரிவில் ரூ.5 லட்சம் வரை பிணையில்லாக் கடன்.
- பிஎம்இஜிபி: உற்பத்தித் திட்டங்களுக்கு ரூ.50 லட்சம் வரை. பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15% முதல் 35% வரை மானியம். பெண்களுக்குக் கூடுதல் விகிதம்.
- பிஎம் விஸ்வகர்மா: 18 பாரம்பரியத் தொழில்களில் தையலும் ஒன்று. பயிற்சி, கருவிகளுக்கு ரூ.15,000, முதலில் ரூ.1 லட்சமும் பிறகு ரூ.2 லட்சமும் 5% வட்டியில் கடன். உங்களோடு வேலை செய்யும் சுயதொழில் தையல்காரருக்கு இதைச் சொல்லுங்கள், அவருக்கு உதவும்.

'100% ஈகோ ஃபிரெண்ட்லி' என்று போடலாமா?

யோசித்துப் போடுங்கள். ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உங்கள் பையில் உள்துணி புதுசு, ஜிப் புதுசு, நூல் பாலியஸ்டர் என்றால், அது '100% மறுசுழற்சி' அல்ல. 'வெளித்துணி: கரூர் ஆலைக் கழிவு. உள்துணி, ஜிப்: புதியது' என்று எழுதிப் பாருங்கள். அந்த நேர்மைக்கே வாடிக்கையாளர் காசு கொடுப்பார்.

துணிப்பை என்றாலே பூமிக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பருத்திப் பை ஒன்று மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, பருவநிலைத் தாக்கத்தை மட்டும் கணக்கிட்டால் 52 முறையும், எல்லாச் சுற்றுச்சூழல் தாக்கங்களையும் சேர்த்தால் 7,100 முறையும் பயன்பட வேண்டும் என்றது. ஏற்கெனவே இருக்கும் துணியில் தைக்கும்போது அந்தச் சுமை பெரிதும் குறைகிறது. ஆனாலும் பீரோவில் தூங்கும் பையால் யாருக்கும் பயனில்லை. கைப்பிடி இணையும் இடத்தில் இரட்டைத் தையலும் குறுக்குத் தையலும் போடுங்கள். ஐந்து கிலோ அரிசியை வைத்துத் தூக்கிப் பாருங்கள்.

வேலையை விடலாமா?

உடனே வேண்டாம். முதலில் ஒரே டிசைனில் 30 பை. ஒவ்வொன்றுக்கும் ஆன நிமிடத்தை எழுதுங்கள். முழு விலைக்கு, நண்பர்களும் சொந்தக்காரர்களும் அல்லாதவர்களிடம் விற்றுப் பாருங்கள். எத்தனை பேர் இரண்டாவது பை வாங்க வந்தார்கள்? யாருடைய பை மூன்று மாதத்தில் கிழிந்தது? தையல்காரருக்கும் உங்களுக்கும் கூலி போக என்ன மிஞ்சியது?

ரிசைன் லெட்டர் எழுதுவதற்கு முன்னால் இந்த மூன்று கேள்விக்கும் பதில் நோட்டில் இருக்கட்டும்.