முந்தி வரும் வாந்தி, பிந்தி வரும் வாந்தி

காளான் நஞ்சு என்று வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு வாந்தி எடுத்தீர்கள்?" என்பதுதான். இரண்டு காளான்களை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

மழைக்குப் பின் புல்வெளியில் வெள்ளைக் குடையாக விரியும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸைத் தின்றால், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குடலைப் புரட்டிவிடும். வாந்தியும் பேதியும் பார்ப்பவரைப் பதறவைக்கும். ஆனாலும் இழந்த நீரும் உப்பும் உடலில் ஏறிவிட்டால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

'டெத் கேப்' எனப்படும் அமானிட்டா பலாய்டிஸ் அப்படியல்ல. ஐரோப்பிய ஓக் மரங்களின் வேரோடு ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்த காளான் இது. தின்றபின் ஆறு மணி நேரமாவது ஒன்றும் தெரியாது. 2023 ஜூலை 29 அன்று ஆஸ்திரேலியாவின் லியோங்காதாவில் இது கலந்த மதிய உணவை உண்ட நால்வருக்கும் இரவில்தான் உபாதை தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் மூவர் இறந்தார்கள்.

இதில் என்னை நடுங்கவைப்பது இரண்டாம், மூன்றாம் நாள். வாந்தி நிற்கும், நோயாளி கஞ்சி கேட்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார். உள்ளே அமாட்டாக்சின் கல்லீரல் செல்கள் புரதம் செய்வதையே முடக்கிக்கொண்டிருக்கும். அடுத்து கண் மஞ்சளாகும். சமைத்தாலும் உலர்த்தினாலும் இந்த நஞ்சு போவதில்லை; ஒரே காளான் ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

ஆகவே சிகிச்சையும் வேறு. முன்னதற்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோ சலைனோ பெரும்பாலும் போதும். பின்னதற்குச் சலைனோடு, பித்தநீர் வழியாகக் குடலுக்குத் திரும்பும் நஞ்சைப் பிடிக்க மருத்துவக் கரித்தூள் திரும்பத் திரும்பத் தருவார்கள். நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்க சிலிபினின் ஊசி உண்டு. அசிட்டைல்சிஸ்டைனும் தருவார்கள். அதற்கும் மசியாவிட்டால் கல்லீரல் மாற்றுதான்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்ற சோதனைகள் இரண்டையுமே காட்டிக்கொடுக்காது. குடையைக் காகிதத்தில் கவிழ்த்து ஓரிரவு வைத்தால் முன்னது பச்சைத் தூளையும் பின்னது வெள்ளைத் தூளையும் உதிர்க்கும். டெத் கேப்பின் அடித்தண்டைச் சுற்றி வெள்ளைப் பை ஒன்று உண்டு. கத்தியால் அறுத்தெடுப்பவருக்கு அது கண்ணில் படாமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

வாந்தி சீக்கிரம் வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. ஒரே கூடையில் இரண்டும் கலந்திருக்கலாம். மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு, அதே குழம்பைச் சாப்பிட்டு இன்னும் நன்றாக இருப்பவர்களையும் சேர்த்தே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.