கையும் கட்டணமும்: ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தின் வரலாறு குறித்து

1

சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் நடுவில் கரோனா ஹைட்ஸ் என்றொரு பாறைக்குன்று இருக்கிறது. உயரம் ஐநூறு அடிக்குச் சற்று மேல். அதன் சரிவில் ராண்டல் அருங்காட்சியகம் என்ற, குழந்தைகளுக்கான அறிவியல்–இயற்கைக் கூடம். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். காட்டுக்குத் திரும்ப முடியாதபடி காயம்பட்ட பறவைகளும் சிறு விலங்குகளும் அங்கே வளர்கின்றன. மரவேலைப் பட்டறை இருக்கிறது, மண்பாண்டம் வனையும் அறை இருக்கிறது, பெரிய பொம்மை ரயில் ஓடுகிறது.

நண்பரின் ஏழு வயது மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். மேசைமேல் இருந்த ஒரு மண்டையோட்டைக் காட்டி, 'இதத் தொடலாமா மாமா?' என்று கேட்டாள். 'தொடாதே' என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்ற ஊழியர் எனக்குத் தமிழ் தெரியும் என்பதையோ தனக்குத் தெரியாது என்பதையோ பொருட்படுத்தாமல், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, மண்டையோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்குள் இருந்து 'தொடாதே' என்று சொன்னது யார் என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: வாசலில் ஏன் காசு கேட்கவில்லை? இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். இல்லை. கையை அனுமதிப்பதற்கு ஒரு வரலாறு, கட்டணத்தை விலக்குவதற்கு வேறொரு வரலாறு. இரண்டும் சந்தித்த இடங்கள் உலகத்திலேயே குறைவு. சந்தித்த இடத்திலும் அந்தச் சந்திப்பு நிலைத்திருப்பது அதைவிடக் குறைவு.

2

இலவசத்திலிருந்து தொடங்கலாம். 1759இல் பிரிட்டிஷ் மியூசியம் திறக்கப்பட்டபோது அனுமதி இலவசம்தான். ஆனால் எழுத்துமூலம் விண்ணப்பித்து, அனுமதிச்சீட்டு பெற்று, சிறு குழுவாக ஒருவர் பின்னால் நடந்து பார்த்துவிட்டு வெளியேற வேண்டும். எழுதத் தெரியாதவனுக்கும், வேலை நாளில் கூலியை விட முடியாதவனுக்கும் அந்த இலவசம் ஒரு மூடிய கதவு. காசு கேட்காமலேயே ஒரு வர்க்கத்தை வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்தால் உள்ளே வரலாம் என்று சில நாட்கள் ஒதுக்கப்பட்டபோது, உழைக்கும் மக்கள் கும்பலாக வந்து கலகம் செய்துவிடுவார்கள் என்று ஆளும் தரப்பு பயந்தது. போலீஸ் குவிக்கப்பட்டது. வந்தவர்களோ அமைதியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூக்கோவின் சிறைச்சாலை ஆய்வைப் பின்பற்றி டோனி பென்னெட் சொல்வது இதைத்தான்: சிறைச்சாலை உடல்களை மறைத்துவைத்து ஒழுங்குபடுத்துகிறது, கண்காட்சி பொருள்களைத் திறந்துவைத்துப் பார்ப்பவரை ஒழுங்குபடுத்துகிறது. பொருளைப் பார்க்கும் கூட்டம் தன்னையும் பார்த்துக்கொள்கிறது, தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது.

இந்த ஒழுங்கில் கண்ணுக்கு இடமுண்டு, கைக்கு இடமில்லை. கண்ணாடிப் பெட்டி வெறும் பாதுகாப்புச் சாதனம் மட்டும் அல்ல. அறிவு கண் வழியாக வருவது, கை வழியாக வருவது உழைப்பு மட்டுமே என்ற பிரிவினையை அது மரத்திலும் கண்ணாடியிலும் செய்துவைத்தது.

அதே 1851இல்தான் சென்னை அருங்காட்சியகமும் தொடங்கியது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். பின்னால் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. சென்னை மக்கள் ஒன்றுக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மற்றதற்கு 'உயிர் காலேஜ்' என்றும் பேர் வைத்தார்கள். இதை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு இது ஒரு விமர்சனமாகப் படுகிறது. காலனிய அறிவு செத்ததையும் உயிரையும் பிரித்துத் தனித்தனிக் கட்டடத்தில் வைத்தது என்பதை ஆய்வாளர்கள் எழுதுவதற்கு முன்பே தெருவில் நடந்தவர்கள் இரண்டு சொற்களில் சொல்லிவிட்டார்கள். ராண்டலில் எலும்பும் ஆந்தையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்த்தபோது இந்தப் பெயர்கள்தான் ஞாபகம் வந்தன.

3

இனி கையின் கதை. குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் என்ற எண்ணம் 1899இல் புரூக்ளினில் வடிவம் பெற்றது. 1937இல், பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்காலத்தில், இயற்பியலாளர் ழான் பெரேனின் முயற்சியால் பாரீசில் 'கண்டுபிடிப்பின் அரண்மனை' திறந்தது. விஞ்ஞானத்தின் முடிவுகளைக் காட்டுவதைவிட, பரிசோதனையையே மக்கள் முன் செய்துகாட்டுவது அதன் நோக்கம். பாசிசம் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அறிவு மக்களுடையதாக வேண்டும் என்ற அரசியலிலிருந்து பிறந்த இடம் அது.

இதைப் பிற்பாடு பார்த்து வியந்தவர்களில் ஒருவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானத் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அவரும் அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர். 1945 ஜூலையில் முதல் குண்டு வெடித்ததை நேரில் கண்டவர். 1930களின் பிற்பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். 1949இல் அமெரிக்க விரோதச் செயல்கள் பற்றிய விசாரணைக் குழுவின் முன் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் மற்றவர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோவில் மாடு வளர்த்தார். 1957இல் அங்கே ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். மாணவர்களை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், பழைய எந்திரங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி இயற்பியல் கற்பித்தார்.

அந்தக் குப்பைமேட்டிலிருந்துதான் 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் திறந்த எக்ஸ்புளோரட்டோரியம் வந்தது என்று சொன்னால் மிகையில்லை. கண்ணாடிப் பெட்டி இல்லை, காவலர் அதட்டல் இல்லை. பார்ப்பவர் கை வைத்தால்தான் எதுவும் நடக்கும். உலகம் முழுக்க அறிவியல் மையங்கள் பின்பற்றிய வார்ப்பு இது. குண்டு செய்த கை குழந்தைக்குக் கண்ணாடியும் காந்தமும் கொடுத்ததில் பிராயச்சித்தம் இருந்ததா என்பது மனோதத்துவக்காரர்களின் கேள்வி. நமக்கு வேறு கேள்வி. தொடக்கத்தில் அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. பின்னால் வந்தது. 2013இல் துறைமுக ஓரத்துப் புதுக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று ஒரு பெரியவர் உள்ளே நுழைய முப்பது டாலருக்கு மேல் ஆகிறது. கைக்குக் கிடைத்த விடுதலை தொடர்கிறது. அந்த விடுதலைக்கு விலை ஏறிவிட்டது.

அதே நகரத்தில், சில மைல் தூரத்தில், ராண்டல் மட்டும் எப்படி இலவசமாகவே இருக்கிறது?

4

ராண்டலும் 1937இல் பிறந்ததுதான். பிறந்த இடம் ஓசன் அவென்யூவில் இருந்த பழைய நகரச் சிறைக் கட்டடம். உடலை மறைக்கும் நிறுவனமும் பொருளைக் காட்டும் நிறுவனமும் என்று பென்னெட் எதிரெதிரே வைத்த இரண்டும் இங்கே ஒரே சுவருக்குள் அடுத்தடுத்து வந்தன. கைதிகள் இருந்த அறைகளில் குழந்தைகள் பாம்பையும் பட்டாம்பூச்சியையும் பார்த்தார்கள் என்று கவித்துவமாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் காலியாக இருந்த அரசுக் கட்டடம் அது என்பதே நடைமுறை உண்மையாக இருக்கும். ஏழைத் துறைகளுக்கு அப்படித்தான் இடம் கிடைக்கும்.

துறை என்பதுதான் இங்கே முக்கியம். இதை உருவாக்கிய ஜோசபின் ராண்டல் விலங்கியல் படித்தவர். ஆனால் அவர் வகித்த பதவி அருங்காட்சியகக் காப்பாளர் பதவி அல்ல. நகரத்தின் பொழுதுபோக்குத் துறைக் கண்காணிப்பாளர். 1926 முதல் 1951 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். விளையாட்டுத் திடல், ஊஞ்சல், நீச்சல் குளம் இவையெல்லாம் அவர் கையில். அந்த வரிசையில்தான் குழந்தைகள் அருங்காட்சியகத்தையும் வைத்தார். 1947இல் பொழுதுபோக்குப் பணிகளுக்காக நகரம் ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அதில் புதுக் கட்டடத்துக்கும் பங்கு கிடைத்து, 1951இல் குன்றின்மேல் திறக்கப்பட்டது. இன்றும் அது நகரத்தின் பூங்கா–பொழுதுபோக்குத் துறையைச் சேர்ந்ததுதான்.

1978இல் கலிபோர்னியாவில் 'முன்மொழிவு 13' வாக்கெடுப்பில் நிறைவேறியது. சொத்துவரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவானது. வீட்டுக்காரர்களின் கலகம் என்று அதைச் சொன்னார்கள். உள்ளாட்சிகளின் வருமானம் சரிந்தது. நூலகங்கள் நேரத்தைக் குறைத்தன. பள்ளிகள் கோடை வகுப்புகளைக் கைவிட்டன. பல பொது நிறுவனங்களின் வாசலில் கட்டணப் பலகை ஏறியது. அறிவு, பண்பாடு, கலை என்று பெரிய பெயர் தாங்கிய இடங்களிடம் 'நீங்களே சம்பாதித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது சுலபம். அவற்றுக்குப் புரவலர்களும் இருந்தார்கள். ஆனால் சறுக்குமரத்துக்கு யார் டிக்கெட் கேட்பார்கள்?

நான் வந்து சேரும் முடிவு இதுதான். ராண்டல் இலவசமாகத் தப்பியதற்கு அதன் உயர்வு காரணமல்ல. அதன் தாழ்வே காரணம். 'அறிவியல் நிறுவனம்' என்ற அந்தஸ்தில் ஏறாமல், மணல்குழியோடும் ஊஞ்சலோடும் ஒரே கணக்கில் எழுதப்பட்டதால் அது பொதுவாகவே இருந்துவிட்டது. பண்பாட்டு மூலதனம் என்று பியேர் பூர்தியூ எதைச் சொன்னாரோ, அது குறைவாக இருந்ததே குழந்தைகளுக்குச் சாதகமாகப் போனது. பண்பாட்டு நிறுவனங்களை மீட்பது பற்றி நாம் பேசும்போதெல்லாம் அவற்றின் கௌரவத்தை உயர்த்துவதையே வழியாக நினைக்கிறோம். கௌரவம் ஏறும்போது கதவு குறுகும் என்பதை இந்தச் சின்ன வரலாறு சொல்கிறது.

5

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு புகழ்மாலையாகிவிடும். குன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பியர் வருமுன் இது ஓலோனி மக்களின் நிலம். பிறகு கிரே சகோதரர்கள் என்ற ஒப்பந்தக்காரர்கள் இங்கே கல்குவாரியும் செங்கல் சூளையும் நடத்தினார்கள். நகரத்தில் அவர்களுக்கு வேறு குவாரிகளும் இருந்தன. வெடி வைத்துத் தகர்த்த கற்கள் பக்கத்து வீடுகளின்மேல் விழுந்தன, மக்கள் நீதிமன்றம் போனார்கள், தடையாணைகள் வந்தன, வெடிச் சத்தம் தொடர்ந்தது. கூலி பாக்கி வைப்பதிலும் அவர்கள் பேர்போனவர்கள். 1914இல் ஜோசப் லொகோகோ என்ற தொழிலாளி தனக்குச் சேரவேண்டிய 17.50 டாலர் கூலியைக் கேட்டான். ஜார்ஜ் கிரே தர மறுத்தார். லொகோகோ அவரைச் சுட்டுக் கொன்றான். தற்காலிகச் சித்தப்பிரமை என்று சொல்லி ஜூரி அவனை விடுதலை செய்தது. சித்தப்பிரமை என்பது சட்டம் கண்டுபிடித்த சொல்; ஜூரியில் இருந்தவர்களுக்கு அந்த 17.50 டாலர் நன்றாகவே புரிந்திருக்கும்.

வெட்டப்பட்ட அந்தக் குன்றின் ஒரு பக்கத்தில், பீவர் தெருவோரம், கண்ணாடிபோல் மெருகேறிய ஒரு பாறைச்சுவர் தெரிகிறது. ஆழ்கடலில் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவான செர்ட் பாறை. பூமிக்குள் ஏற்பட்ட பிளவில் பாறையும் பாறையும் உராய்ந்து இப்படி மின்னுகிறது. பூகம்ப நகரத்தின் பாடப்புத்தகம் என்றே சொல்லலாம். அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தது விஞ்ஞானி இல்லை, குவாரிக் கூலியின் கை. குழந்தை தொட்டு அறிவதற்கு முன்னால் அந்தக் கை தொட்டிருக்கிறது. அதை 'அறிவு' என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

கூடத்துக்குள் இருக்கும் இலவசத்துக்கும் எல்லைகள் உண்டு. உள்ளே போகக் காசில்லை; பட்டறை வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு. குன்றைச் சுற்றி வாடகை கொடுத்துக் குடியிருக்கச் சாதாரணத் தொழிலாளி குடும்பத்தால் முடியாது. வார நாளில் பிள்ளையைக் கூட்டிவர அந்தத் தாய்க்கு லீவு வேண்டும், பஸ் காசு வேண்டும். 1759இன் அனுமதிச்சீட்டு வேறு வடிவத்தில் இன்னும் இருக்கிறது.

6

நம் சூழலில் 'இலவசம்' என்ற சொல்லே கேவலப்பட்டுக் கிடக்கிறது. ஓசியில் வாங்குகிறவன், கையேந்துகிறவன் என்ற ஏளனம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ராண்டலில் யாரும் யாருக்கும் எதையும் தானமாகக் கொடுக்கவில்லை. நகர மக்களின் வரி, நகரத்தின் கடன்பத்திரம், ஓர் அதிகாரியின் இருபத்தைந்து வருஷ வேலை. இதற்குச் சரியான சொல் 'இலவசம்' இல்லை, 'பொது'. பொதுக்கிணறு என்கிறோமே, அந்தப் 'பொது'. அந்தச் சொல்லும் நம்மிடம் சுத்தமாக இல்லை. பொதுக்கிணற்றில் யார் கை படலாம் என்பதற்காக இங்கே ரத்தம் சிந்தியிருக்கிறது. என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்த 'தொடாதே' மியூசியக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மட்டும் வந்ததில்லை. அதைவிடப் பழையது அது.

அந்தப் பெண் மண்டையோட்டை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் இருந்த பள்ளங்களில் விரலை விட்டாள். அப்புறம் என்னிடம் நீட்டி, 'நீங்களும் தொட்டுப் பாருங்க மாமா, ஒண்ணும் ஆகாது' என்றாள். தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கை வைக்கவும் வேண்டும், காசு கேட்கவும் கூடாது என்ற இரண்டையும் ஒரே கோரிக்கையாக நம் ஊரில் எழுப்புவதற்கு நமக்கு எது தடையாக இருக்கிறது என்பதைத்தான் இனி பேச வேண்டும்.