கல்லாறு காட்டிய வழி: நீலகிரி மலை ரயிலின் கதை

கோடை விடுமுறைக்கு ஊட்டி என்று முடிவு செய்துவிட்டு, மேட்டுப்பாளையம் மலை ரயிலில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் குடியிருப்பில் சிலராவது இருப்பீர்கள். ஏறி உட்காருவதற்கு முன் இந்த ரயிலின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க இன்னும் நிறைய இருக்கும்.

முதலில் ஆற்றைப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தை விட்டதும் ரயில் பவானி ஆற்றைக் கடக்கிறது. அடுத்து பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு நிலையம் வரும். அதுவரை சமவெளி. கல்லும் ஆறும் சேர்ந்த பெயருக்கு ஏற்றபடி, பாறைகளுக்கு இடையே ஓடும் ஆறு அது. மேலே குன்னூர் ஆறும் காட்டேரி ஆறும் சேர்ந்து, கல்லாறாக இறங்கி, பவானியில் கலக்கிறது. குன்னூர் வரை ரயில் ஏறுவது இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாகத்தான். மலைக்குள் நுழைய இடம் தேடிய பொறியாளர்களுக்கு, தண்ணீர் முன்னமே அறுத்து வைத்திருந்த வழி இது.

ஆனால் ஆறு விழுந்து இறங்கும். ரயில் அப்படி ஏற முடியாது. கல்லாறு சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். நடுவில் இருப்பதோ சுமார் 20 கிலோமீட்டர் பாதை. சாதாரணத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும்.

45 ஆண்டுக் காத்திருப்பு

நீலகிரிக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கியது. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அதற்கு மேல் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான்.

சுவிட்சர்லாந்தில் 1871-ல் ரிகி மலைக்குப் பல் தண்டவாளம் போட்டு ரயில் ஏற்றியவர் நிக்லாஸ் ரிகென்பாக். நீலகிரிக்கும் அதே முறையில் ரயில் விடலாம் என்று அவர் திட்டம் கொடுத்தார். 1891-ல் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். பாதை முடிவதற்குள் பணம் தீர்ந்தது. 1894-ல் கம்பெனி மூடப்பட்டது. பிறகு புதிய கம்பெனி வந்து மிச்ச வேலையை முடித்தது. 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியை எட்டியது 1908-ல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யோசனை ரிகென்பாக்குடையது, கடைசியில் இங்கே போடப்பட்டதோ, அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் பின்னாளில் உருவாக்கிய முறை. தண்டவாளங்களுக்கு நடுவே, பற்கள் கொண்ட இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. அதனால் இன்ஜினின் பல்சக்கரத்துக்கு எப்போதும் ஒரு பிடி இருந்துகொண்டே இருக்கும். இந்தியாவில் பல் தண்டவாளத்தில் ஓடும் ஒரே ரயில் இதுதான்.

இன்ஜின் பின்னால், பிரேக்ஸ்மேன் முன்னால்

கல்லாறுக்கு மேல் சுமார் 12 அடி போனால் 1 அடி ஏற்றம். இன்ஜின் பெட்டிகளை இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். 1914 முதல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இன்ஜின்களில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு போதும். ஏற்றத்தில், அவை பயன்படுத்திய நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். இப்போது திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே இந்த வகை இன்ஜின்களைச் செய்கிறார்கள். குன்னூரில் இன்ஜின் மாறும். அதற்கு மேல் ஊட்டி வரை பல் தண்டவாளம் இல்லை. டீசல் இன்ஜின் இழுத்துப் போகும்.

ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். வெயிலோ மழையோ அவருடைய இடம் அதுதான். சைகைக்கு ஏற்ப அவர் கையால் பிரேக் போடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மழை வந்தால்

பள்ளத்தாக்கு கொடுத்த வழியை மழை அடிக்கடி மறிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிவதும், பாறை உருள்வதும், ரயில் ரத்தாவதும் வழக்கமான செய்தி. 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மலை ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. மீண்டும் ரயில் ஓடப் பல மாதங்கள் ஆயின.

ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் மண்ணை அள்ளி, பாறையை உடைத்து, பல் பட்டையைச் சீராக்குபவர்கள் பாதைப் பணியாளர்கள். செங்குத்தான பள்ளத்தாக்கில், வழுக்கும் மண்ணில் செய்யும் வேலை அது. 1899-ல் திறந்த பாதை இன்றும் இருக்கிறது என்றால், அவர்கள் அதை மழைக்கு மழை திரும்பக் கட்டிக்கொண்டே இருப்பதால்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் பஸ்ஸுக்கும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ரத்தானால் அலுத்துக்கொள்ளாதீர்கள். மேலே யாரோ மழையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. ஹில்குரோவில் ரயில் நிற்கும்போது டீயும் தின்பண்டமும் வாங்குவீர்கள். கப்பையும் கவரையும் பள்ளத்தில் போடாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓடுவது கல்லாறு. அது சேரும் பவானியின் தண்ணீரைத்தான் அடிவாரத்து ஊர்கள் குடிக்கின்றன.